ஏழு செம்பழுப்பும் ஒரு மருதோன்றியும்

1999 ஒக்டோபர் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில் உள்ள லாயத்தில் இருந்தவர்கள்:

ஜலால்தீன் காக்கா. ஐம்பத்தாறு வயது. ஹலால் இறைச்சிக்கடைக்காரர். தாடிக்கு மருதோன்றி போடுபவர். லாயமும் அதைச் சுற்றியுள்ள ஐந்து ஏக்கர் குத்தகை நிலமும் அவர் பொறுப்பில்.

சுரையா அக்கா, அவருடைய மனைவி. மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் நடக்கும் முஸ்லிம் கலியாணங்களில் பாதிக்கு மணப்பெண்ணின் கைகாலுக்கு மருதோன்றி போடுவது இவர்தான்.

சூசைதாசன், டாக்ஸி ஓட்டுபவர். மன்னார், பேசாலை ஆள். அவரை யாரும் கூப்பிடவில்லை.

மிஸஸ் லாம்பர்ட். எழுபது வயதிருக்கும். குதிரைகளின் வம்சப் பெயரேட்டை வைத்திருக்கும் ஒரு சின்னச் சங்கத்தின் பரிசோதகர்.

மேபல், பெட்டைக் குதிரை. பதினேழு வயது. எண்ணூற்று ஐம்பது கிலோ.

கடைசியாக நான், சிறி. பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. காக்காவின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கரவன் வண்டியில் குடியிருந்தேன். அதற்குப் பதிலாகக் காலையில் வேலை முடிந்து வந்ததும் மேபலுக்குத் தீவனம் போட்டு லாயத்தைக் கூட்ட வேண்டும். அன்றைக்கு இன்னும் படுக்கவில்லை.

மேபல் சஃபொக் பஞ்ச் என்ற இனம். இந்தப் பெயர் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெரிபீயில் எவருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் கிழக்கே சஃபொக் என்று ஒரு மாவட்டம். களிமண் பூமி. அங்கே ஏர் இழுப்பதற்கு வளர்த்த குதிரை. குட்டைக் கால், பீப்பாய் உடம்பு. மற்றப் பாரக் குதிரைகளுக்குக் குளம்பைச் சுற்றித் தொங்கும் நீள மயிர் இதற்கு இல்லை. களி ஒட்டாது. கொஞ்சமாகத் தின்னும், நீண்ட காலம் வாழும், கோபப்படாது.

நான் படிப்பை விட்டேனே தவிர வாசிப்பை விடவில்லை. இரவு இரண்டு மணி இடைவேளையில் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இதையெல்லாம் வாசித்தேன். 1768இல் ஒரு ஆண் குதிரை பிறந்தது. அதற்கென்று ஒரு பெயர்கூட வைக்கவில்லை. சொந்தக்காரர் கிறிஸ்ப் என்பவர், ஆகவே அது கிறிஸ்பின் குதிரை. இன்று உலகத்தில் உயிரோடிருக்கும் ஒவ்வொரு சஃபொக்கும் தகப்பன் வழியில் அந்த ஒன்றில் போய் முடிகிறது. பிறகு டிராக்டர் வந்தது. 1966இல் பதிவான குட்டிகள் ஒன்பது. எங்கள் பாண் லைனில் ஒரு ஷிப்டுக்கு நிற்கிறவர்களும் ஒன்பது பேர்தான். எங்களை யாரும் அரிய இனம் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் வாசித்தேன். அந்தக் காலத்தில் இந்தக் குதிரையைச் சோதிக்க, விழுந்து கிடக்கும் பெரிய மரத்தில் கட்டி இழுக்கவிடுவார்களாம். மரம் அசைய வேண்டியதில்லை. குதிரை முழங்கால் மண்ணில் படும்வரை இறங்கி இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. இறங்கினால் பாஸ். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் சுப்பர்வைசரின் ஞாபகம் வந்தது.

மேபல் காக்காவிடம் வந்த விதம் இது. வெரிபீ சவுத்தில் காலிஃபிளவர் போட்டுக்கொண்டிருந்த லெஸ் ஹார்ட்டிகன் என்ற கிழவர் பின் வளவில் சில ஆடுகளும் வைத்திருந்தார். காக்கா அவரிடம் ஆடு வாங்கப் போவார். லெஸ் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தபோது மகள் நிலத்தை விற்றாள், பெட்டிபெட்டியாகக் கிடந்த காகிதங்களை எரித்தாள். குதிரையின் பிறப்புப் பத்திரமும் அதில் போயிற்று. குதிரையை நாய்த் தீவனத்துக்கு அனுப்புவதாக இருந்தாள். லெஸ் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். “என் லாயத்துக்கு வந்தவர்களில் மேபலின் விலையைக் கேட்காமல் வயதைக் கேட்டவன் நீ மட்டும்தான். வந்து கொண்டுபோ” என்றார்.

இறைச்சிக்கடைக்காரர் குதிரை கொண்டுவந்து கட்டியதும், எதிரே புதிதாக முளைத்திருந்த வீட்டுத்திட்டத்துச் சனம் கவுன்சிலுக்குப் போன் பண்ணியது. ஒரு அதிகாரி வந்தார். குதிரையை அறுக்கப்போகிறீர்களா என்று கேட்டார். காக்கா பொய் சொல்லத் தெரியாதவர். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எங்கட மத்ஹப்புச் சட்டத்துல குதிரை தின்னலாம். ஆனா நான் அறுக்க மாட்டன். சொல்லு.” நான் வரிசைப்படி சொன்னேன். முதல் வசனம் முடிந்ததும் அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். இரண்டாவதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் குதிரை உயிரோடிருந்தது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

காக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு குட்டி. இந்த நாட்டில் கலப்பில்லாத சஃபொக்குகள் எத்தனை என்று சங்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். செயலாளர் வாய்விட்டு எண்ணினார். எண்ணுகிற நேரத்தில் தேத்தண்ணீர்கூட ஆறாது.

“அப்ப ஒண்டு கூடினா?” என்றார் காக்கா.

“ஒண்டு கூடும்.”

“அதத்தான் கேட்டன்.”

சூசைதாசன் விடமாட்டார். “காக்கா, விடியக்காலம ஆடு அறுக்கிறீங்கள், பின்னேரம் குதிரைக்குச் சீப்பால தலை இழுத்துவிடுறீங்கள். உங்கட கணக்கு எனக்கு விளங்கேல்ல.”

“ஆடு அழிஞ்சு போகல சூசை. அழியப்போறதுல ஒண்டு என்ட வாசல்ல வந்து நிக்குது. நான் என்ன செய்யிற? கதவச் சாத்துறதா?”

இதற்கு மேல் காக்கா காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

மேபலைச் சினைப்படுத்தப் பொலிகுதிரை ஒன்று இருந்தது, நியூ சவுத் வேல்ஸில், கோல்பேர்ண் பக்கம். இருபது வயது. அதன் சொந்தக்காரர் நவம்பர் முடிவில் தோட்டத்தை விட்டுவிட்டுக் குதிரையோடு குயின்ஸ்லாந்துக்கு மகனிடம் போகிறார். அதற்குள் மேபலைக் கொண்டுவந்தால் விடலாம், ஆனால் பெயரேட்டில் பதியாத பெட்டைக்கு விடமாட்டேன் என்றார். மேபலுக்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத குதிரையைப் பரிசோதகர் வந்து கண்ணால் பார்த்துத்தான் சேர்ப்பார். ஆகவே இந்த வசந்தம், இந்தப் பரிசோதனை. தப்பினால் மேபலின் வயதுக்கும் பொலிகுதிரையின் வயதுக்கும் அடுத்த வசந்தம் என்று ஒன்று கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சங்கம் எட்டுப் பக்க விதிப் புத்தகம் ஒன்றைத் தபாலில் அனுப்பியது. புதன்கிழமை காலை, வேலையிலிருந்து நேராக வந்து குசினிக் கதிரையில் இருந்து, காக்காவுக்கும் சுரையா அக்காவுக்கும் அதை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். முதல் பக்கம் சங்கத்தின் முகவரி. இரண்டாம் பக்கம் உயரம், எலும்பு, முதுகு. மூன்றாம் பக்கம் நிறம். “செம்பழுப்பு மட்டும்தான். அதுல ஏழு வகை. ஈரல் மாதிரிக் கடுமையானதுல இருந்து எலுமிச்சை மாதிரி வெளிறினது வரைக்கும். வேற எந்த நிறமும் ஏற்கப்படாது.” இவ்வளவும் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிறகு மேசையில் தலையை வைத்தேன். விழித்தபோது பின்னேரம் நாலு மணி. என் கன்னத்துக்குக் கீழே யாரோ துவாயை மடித்து வைத்திருந்தார்கள். புத்தகத்தைக் காணவில்லை. போய்க் கரவனில் படுத்தேன்.

மேபலின் நிறம் ஏழில் முதலாவது, ஈரல் நிறம். ஆனால் இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலே, வெள்ளை. ஒரு குட்டைக் காலுறை மாதிரி. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தீவனம் போடப் போனபோது அந்தக் காலில் சாரத் துணி சுற்றியிருந்தது. கேட்டேன். “அழுக்குப் படாம இரிக்கட்டும்” என்றார் காக்கா. எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரவு வேலை செய்கிறவனுக்குக் காலை ஏழு மணிக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

சனிக்கிழமை மிஸஸ் லாம்பர்ட் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவருடைய வான் வண்டிக்குப் பின்னால் வெறும் குதிரை ட்ரெய்லர். பேச்சு குறைவு. காக்காவிடம் தொழில் என்ன என்று கேட்டார். காக்கா சொன்னார். படிவத்தில் இறைச்சிக்கடை என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதை நான் எட்டிப் பார்த்தேன்.

பல்லைப் பார்த்தார். பதினேழு, சரி என்றார். அளவுகோலை நிறுத்தினார். கழுத்தை, தோளை, முதுகை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனார். மேபல் அசையவில்லை. “நல்ல பெட்டை” என்றார், எவரையும் பார்க்காமல். காக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முன்னங்கால் இரண்டு, சரி. வலது பின்னங்கால், சரி. இடதுக்கு வந்தார். துணியை அவிழ்த்தார்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னும் குனிந்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை இருந்த இடம் செம்மஞ்சளாக இருந்தது. காக்காவின் தாடி என்ன நிறமோ அதே நிறம். ஏழு வகைச் செம்பழுப்பில் எதிலும் அது சேராது. குளம்பின் மேல்பாதியும் அதே. மேல் ஓரம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோடாக முடிந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, செம்பழுப்பு மயிரிலும் மங்கலாகத் தெரியும்படி, சம இடைவெளியில் மூன்று புள்ளிகள்.

சூசைதாசன் முதலில் பேசினார். “காக்கா, மாப்பிள்ளை ஆர்?”

“சும்மா இரு” என்றார் காக்கா.

“கோடு எதுக்கு அக்கா?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“கை பழகிப்போச்சு தம்பி” என்றார் சுரையா அக்கா. “கோடு போடாட்டி முடிஞ்ச மாதிரி இரிக்காது.”

“புள்ளி?”

“கோடு போட்டா புள்ளி வரும்.”

மிஸஸ் லாம்பர்ட் விரலை எச்சிலில் தொட்டு மயிரைத் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இது என்ன?”

காக்கா ஒரு அடி முன்னே வந்தார். முகத்தில் மறைக்கிற குறி எதுவும் இல்லை. நன்றாகச் செய்த வேலையைக் காட்டுகிறவரின் முகம். “ஹென்னா, மேடம். நோ கெமிக்கல்.” தாடியைத் தொட்டுக் காட்டினார். “சேம் சேம்.”

“ஏன்?”

“வைட் நாட் அலவ்ட்.”

“அப்படி யார் சொன்னது?”

காக்கா என்னைப் பார்த்தார். சுரையா அக்கா பார்த்தார். சூசைதாசன், விஷயம் எதுவும் தெரியாமலே, பார்த்தார்.

நான் சொன்னேன், மூன்றாம் பக்கத்தில் செம்பழுப்பு மட்டும் என்று இருக்கிறது என்று.

“நான்காம் பக்கம்” என்றார் மிஸஸ் லாம்பர்ட். புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். நெற்றியில் சிறு வெள்ளையும் கணு மூட்டுக்குக் கீழே வெள்ளையும் இருக்கலாம், அது குறையாகக் கொள்ளப்படாது. மூட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மட்டும் சேர்க்கப்படாது.

நான் அதைத் தமிழில் சொன்னேன். வேறு வழியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

காக்கா கேட்டார். “நாலாம் பக்கத்த நீ வாசிக்கேல்லயா?”

“நித்திரையாப் போனன் காக்கா. எழுப்பியிருக்கலாமே.”

“ராத்திரி முழுக்க நிண்டு வேல செஞ்ச புள்ளைய எழுப்புறதா?” என்றார் சுரையா அக்கா. அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

“ஒரு பக்கத்தைப் பிரட்ட மூண்டு பேருக்கும் ஏலாமப் போச்சு” என்றார் சூசைதாசன்.

புதன்கிழமை நடந்ததை அக்கா துண்டு துண்டாகச் சொன்னார். சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் தங்கை அனுப்பும் தூள். தேயிலைச் சாயம், எலுமிச்சம்புளி, இரண்டு துளி கராம்பு எண்ணெய். குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் பை, அதற்கு மேலே காக்காவின் பழைய சாரம். மூன்று மணித்தியாலம். “ஒரு கால் தூக்கல்ல. இதவிடக் கூட ஆடின மணப்பொண்ணுகளப் பாத்திருக்கன்.”

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், கராம்பு எண்ணெய் உட்பட. மிஸஸ் லாம்பர்ட் புத்தகத்தை எடுத்து ஆறாம் பக்கத்தைத் திறந்து என் கையில் தந்தார். அடையாளங்கள் செயற்கையாக மாற்றப்பட்ட குதிரை அந்த இடத்திலேயே நிராகரிக்கப்படும், மறுபரிசோதனை கிடையாது.

நான் அதையும் சொன்னேன்.

காக்கா சுவரில் சாய்ந்தார். தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்தார். “சிறி, அவவுக்குச் சொல்லு. மாத்துறது ஏமாத்து இல்ல. கறுப்பு அடிச்சா அது ஏமாத்து, கிழவன் பொடியன் மாதிரி வேசம் போடுறது. அது கூடாது. வெள்ளைக்கு மருதோன்றி போடுறது சுன்னத்து, நபியவங்க காட்டின வழி. போட்டிரிக்கிற ஆள் கிழவன் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒளிக்கிறதுக்குப் போடுறதில்ல. மரியாதைக்குப் போடுறது. பரிசோதனைக்கு ஆள் வருது, வெள்ள கூடாதெண்டு புத்தகத்துல கிடக்கு, அப்ப நாங்க எப்பிடி வெள்ளயோட நிறுத்துற? சொல்லு.”

இதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. எஞ்சினியரிங்கில் இதைவிடச் சுலபமானவற்றில் நான் ஃபெயில்.

மிஸஸ் லாம்பர்ட் காக்காவின் தாடியைப் பார்த்தார். குதிரையின் காலைப் பார்த்தார். மறுபடி தாடியைப் பார்த்தார். “எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள்?”

“ஃபிஃப்டீன் இயர்ஸ்.”

“உங்களுக்கு வயது என்ன?”

“ஃபிஃப்டி சிக்ஸ்.”

“பார்த்தால் அதுக்கு மேல தெரியும்” என்றார் சூசைதாசன் ஆங்கிலத்தில். மிஸஸ் லாம்பர்ட் அதையும் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவர் குனிந்து கோட்டை மறுபடி பார்த்தார். சொன்னது இவ்வளவுதான்: முப்பத்தொரு வருடமாகக் குதிரை பார்க்கிறேன். ஷூ பொலிஷ் பார்த்திருக்கிறேன், தலைமயிர்ச் சாயம் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை காப்பித் தூள் பார்த்திருக்கிறேன். ஒளிக்க நினைப்பவன் ஓரத்தைக் கலைத்துவிடுவான். எவனும் கோடு கீறிப் புள்ளி வைத்ததில்லை.

நான் சுரையா அக்காவுக்குச் சொன்னேன். “நான் சொன்னன்தானே” என்றார் அவர். அவர் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் சிக்கல் தீரவில்லை. அக்காவின் கோடு மூட்டுக்குச் சரியாக மேலே இருந்தது. வெள்ளை அதற்குக் கீழேயே முடிந்தது, அழகுக்காகத்தான் மேலே கொண்டுபோனேன் என்றார் அக்கா. காக்காவும் சத்தியம் பண்ணினார். சங்கம் சத்தியத்தைப் பதிவதில்லை. மிஸஸ் லாம்பர்ட் வண்டியிலிருந்து மயிர் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்தார். மூட்டுக்கு நாலு விரல் மேலேயிருந்து குளம்புவரை ஒட்ட வழித்தார். வெள்ளை மயிர் முளைக்கிற இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக இருக்குமாம். தோல் எல்லா இடமும் ஒரே செம்மஞ்சள். நல்ல தூள்.

அவர் தீர்மானத்தைச் சொன்னார். மேபல் ஆறு வாரம் அவருடைய லாயத்தில், பாலன் என்ற ஊரில், பூட்டுக்குள் நிற்க வேண்டும். திறப்பு அவரிடம். வேறு எவரும் தனியாக உள்ளே போகக்கூடாது. புது மயிர் முளைக்கட்டும். வெள்ளை மூட்டுக்குக் கீழே நின்றால் நவம்பர் இருபதாம் திகதி பெயரேட்டில் சேர்ப்பார், கோல்பேர்ணுக்கும் தானே போன் பண்ணுவார். மேலே ஏறினால் இல்லை. இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். சுரையா அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

இப்போது ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஆறாம் பக்கம்.

காக்கா வெளியே போனார். நான் பின்னால் போனேன். சூசைதாசனும் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் புது வீடுகளுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆறு கிழமைதான் காக்கா” என்றேன்.

“தெரியும்.”

“அந்த மனுசி நல்லாப் பாக்கும்.”

“தெரியும்.” அவர் ஓடு போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு வந்த. கொஞ்ச நாள்ல வரலாம் எண்டுதான் வந்த. ஆடு அஞ்சு, பசு ஒண்டு. கயித்த அவுத்து விட்டிட்டு வந்தன், கட்டுல கிடந்து சாகாம.”

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவில் இருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னது தமிழ் இயக்கம், என்னுடைய ஆட்கள். நான் சொல்லவில்லை, எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆனால் என்னுடைய ஆட்கள்தான். காக்காவுக்கு எருக்கலம்பிட்டி, சூசைதாசனுக்குப் பேசாலை, இரண்டும் ஒரே தீவு. இதைப்பற்றி நாங்கள் மூன்று பேரும் அதுவரை பேசியதில்லை.

சூசைதாசன் பகிடி விடவில்லை. “இது வேற காக்கா” என்றார்.

“எல்லாம் வேறதான்.”

“நான் டாக்ஸியில பின்னால கொண்டுபோறன். நிக்கிற இடத்தக் கண்ணால பாருங்கள். சரியில்லையெண்டாத் திருப்பிக் கொண்டு வருவம். குட்டி வேண்டாம், புத்தகம் வேண்டாம்.”

காக்கா ஓடு போடுகிறவர்களை விட்டுத் திரும்பினார். பிறகு உள்ளே போய்த் தலைக்கயிற்றைத் தானே மாட்டினார்.

பாலனுக்கு முக்கால் மணித்தியாலம். சூசைதாசன் மீற்றரைப் போடவில்லை. காக்கா முன் இருக்கையில், ட்ரெய்லரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி. மேபலின் வால் தெரிந்தது. நான் பின்னால் நித்திரையாகிவிட்டேன். சுரையா அக்கா வரவில்லை. அன்று பின்னேரம் அல்டோனாவில் ஒரு மணப்பெண் காத்திருந்தாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்துக்கொண்டிருக்க வேண்டாம். வெள்ளை மூட்டுக்குக் கீழேதான் நின்றது, ஒரு விரல் தள்ளி. நவம்பர் இருபதாம் திகதி பெயரேட்டில் சேர்த்தார்கள். இருபத்திரண்டாம் திகதி கோல்பேர்ணுக்குக் கொண்டுபோனோம். பொலிகுதிரைக்கு இரண்டு முறை விட்டார்கள். அது குயின்ஸ்லாந்துக்குப் போய் அடுத்த மார்ச்சில் செத்தது. மேபல் பதினொரு மாதம் சுமந்து, ஒரு குட்டி போட்டது. ஆண். ஒரு வெள்ளை மயிர் இல்லை. செயலாளர் மறுபடி எண்ணினார், ஒன்று கூடியிருந்தது. கவுன்சில் அதிகாரி வந்து அதையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் பாலனில் நின்ற அந்தப் பின்னேரத்தில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

மிஸஸ் லாம்பர்டின் லாயம் செங்கல் கட்டடம். நல்ல வைக்கோல், சுத்தமான தண்ணீர், ஆள் நுழைய முடியாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கதவு ஒரே கனமான பலகை. பூட்டு புதிது. காக்கா சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீரை நக்கிப் பார்த்தார், வைக்கோலை மூக்கில் வைத்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மேபல் வாசற்படியில் நின்றுவிட்டது. முரண்டு பிடிக்கவில்லை, உதைக்கவில்லை, வெறுமனே நின்றது. மிஸஸ் லாம்பர்ட் இழுத்தார். நானும் இழுத்தேன். சூசைதாசன் பின்னாலிருந்து தள்ளினார். இழுப்பதற்காக இருநூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த இனத்தை நாங்கள் மூன்று பேர் இழுத்தோம். காக்கா கயிற்றை வாங்கவில்லை. பக்கத்தால் உள்ளே போய் வைக்கோற் கட்டு ஒன்றில் இருந்தார். மேபல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு படியைத் தாண்டி உள்ளே போய், அவருடைய தோளுக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு நின்றது.

“சரி. இனி வெளியே வாருங்கள்” என்றார் மிஸஸ் லாம்பர்ட்.

“திஸ் நைட் ஐ ஸ்டே” என்றார் காக்கா.

“யாரும் உள்ளே நிற்கக்கூடாது என்று சொன்னேன்.”

காக்கா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். “புது இடம். முதல் இரவு. நாளைக்கு நான் வெளிய வாறன், பிறகு ஆறு கிழமைக்கு இங்க வரமாட்டன். உள்ளயே வச்சுப் பூட்டச் சொல்லு. பூட்டினா நான் வெளிய போய் மருதோன்றி கொண்டர ஏலாது. இப்ப கையில இருக்கோ எண்டு பாக்கட்டும்.”

“காக்கா, நாளைக்குக் கடை?” என்றார் சூசைதாசன்.

“ஞாயிற்றுக்கிழம பத்து மணிக்குத்தான திறக்கிற.”

நான் மொழிபெயர்த்தேன். மிஸஸ் லாம்பர்ட் வழித்த காலைக் குனிந்து பார்த்தார். அதில் மயிர் இல்லை. மயிர் இல்லாத இடத்தில் ஒருவன் ஒரு இரவில் எதை மாற்றுவான் என்று யோசித்திருக்கலாம். நிமிர்ந்து, கையை நீட்டினார்.

காக்கா பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். கடைத் திறப்பு, தஸ்பீஹ் மணி, கைலேஞ்சி, கராம்பு இரண்டு. மிஸஸ் லாம்பர்ட் கராம்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒன்றும் இல்லை.

“மேற்கு எந்தப் பக்கம் எண்டு கேள்” என்றார் காக்கா.

கேட்டேன். அவர் தீவனத் தொட்டியைக் காட்டினார். காக்கா எழுந்து தொட்டிப் பக்கம் இருந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கி, ஒரு ஆள் அளவு இடம் எடுத்தார். மேபலும் இரண்டு அடி நகர்ந்து கொடுத்தது.

“காலை ஏழு மணிக்குத் திறப்பேன்” என்றார் மிஸஸ் லாம்பர்ட்.

“தேங்க் யூ, மேடம்.”

அவர் கதவைச் சாத்தினார். பூட்டை மாட்டி அழுத்தினார், ஒருமுறை இழுத்துப் பார்த்தார், திறப்பைக் கராம்பு கிடந்த பையில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.